சீமாட்டியின் வணக்கம்

"அனலரணை இந்தக் குடும்பத்தாருக்கு மட்டுமே தலை வணங்கும்." விலங்குக் காட்சிச்சாலையின் ஏழாம் கூண்டுக்கு முன்னால் என் தந்தை எழுதி மாட்டிய பலகை அது. எழுத்து மங்கும்போதெல்லாம் நானே வண்ணம் தீட்டினேன். அதன் கீழே நாற்பது ஆண்டுகள் நின்றிருக்கிறேன். என் தம்பி இறந்தது அதற்குப் பத்தடி தள்ளி.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அனலரணை படுத்தால் ஒரு லாரி நீளம் இருக்கும். முதுகெல்லாம் ஓடு போன்ற செதில், கோடரியே வழுக்கும். இறக்கை உண்டு, பறக்காது. விரித்துக் காட்டி மிரட்டுவதோடு சரி. சண்டை என்று வந்தால் முதலில் வாலால் தரையைத் தட்டும். அதற்கும் ஒதுங்காதவனைக் கண்டால் கழுத்துச் செதில்கள் சிலிர்க்கும். பாத்திரக்கடையில் அலமாரி சரிந்தது போலச் சத்தம் எழும். நெருப்பு கடைசியில்தான். தாடைக்கு அடியில் இரண்டு பைகளில் எண்ணெய் போன்ற நீர் ஊறுகிறது. அதைப் பீய்ச்சிப் பல்லைக் கடித்தால் பொறி பறக்கும். ஒரு முறை உமிழ்ந்தால் பை நிறைய இரண்டு நாள் ஆகும், அதுவரை அது வெறும் பெரிய பல்லி. அதனால் லேசில் உமிழாது. அந்தப் பைகளின் மேல் மட்டும் செதில் கிடையாது. குழந்தையின் வயிறு போல மெத்தென்ற தோல்.

எங்கள் வீட்டில் 'வணக்கம் வாங்குவது' என்று ஒரு பேச்சு உண்டு. கூண்டுக்குள் போய், நெஞ்சை நிமிர்த்தி, கண்ணோடு கண் பார்த்து நிற்க வேண்டும். சற்று நேரத்தில் சீமாட்டி மெல்லத் தன் தாடையைத் தரையில் பதிப்பாள். சீமாட்டி என்பது அந்தப் பெண் அனலரணைக்கு நாங்கள் வைத்த பெயர். கூட்டம் கை தட்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே முதுகில் தட்டி நிமிர்த்துவோம். எவர் முன்னும் குனிந்த பழக்கம் எங்களுக்கு இல்லை.

இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு தம்பி என் அறைக்கு வந்தான். உட்காரவில்லை.

"அண்ணா, அது வணக்கம் இல்ல. தொண்டைய மறைக்குது. பயந்தாதான் அப்படிப் பண்ணுது. அதுக்கு அப்புறம் நெருப்புதான்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நாலு மாசமா பாக்கறேன். முதுகக் காட்டிக் குத்துக்கால் போட்டு உக்காந்தா தலையத் தூக்குது. பக்கத்துல வந்து மோந்து பாக்குது. என் பொண்ணும் பாத்தா."

"நீ அது முன்னால குத்துக்கால் போட்டு உக்காந்தியா?"

"பின்ன, உள்ள சோபாவா போட்டிருக்கு?" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. "அது அப்பா எழுதின பலகை. ஒண்ணு நிமிந்து நில்லு, இல்ல வேலைய விட்டுப் போ. வீட்டுப் பேரக் கெடுக்காத."

நிமிர்ந்து நின்றான். போன ஞாயிற்றுக்கிழமை பெரிய மனிதர்கள் சிலர் வந்திருந்தார்கள். புகைப்படக்காரர் "இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க" என்றார். போனான். வால் இரண்டு முறை தட்டியது. செதில் சிலிர்த்தது. தாடை தரையில் இருந்தது. தம்பி கம்பிக்கு வெளியே நின்ற என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். நான் என் மோவாயை உயர்த்திக் காட்டினேன். எங்கள் வீட்டில் அதற்கு 'நிமிர்' என்று பொருள்.

வியாழக்கிழமை விசாரணை அதிகாரி வந்தார். அலுவலக அறையில், ஒரு கால் ஆடும் மேசைக்கு முன் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார்.

"ஐயா, மிருகத்துக்கு வெறி பிடிச்சுதா, இல்ல ஆள் பேர்ல தப்பா? ஏதாவது ஒண்ணுதான் நான் எழுத முடியும். வெறின்னா சுடணும். ஆள் தப்புன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும்."

தம்பி மகள் கதவோரம் நின்றிருந்தாள். அப்பனோடு அதே கூண்டில் வேலை பார்த்தவள். "பெரியப்பா, அப்பா உங்ககிட்ட சொன்னத இவர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

சொன்னால் என்ன ஆகும்? நாற்பது ஆண்டுகளாக ஊருக்கு முன்னால் ஒரு மிருகத்தை மிரட்டிக் கைதட்டல் வாங்கிய குடும்பம் என்றாகும். தம்பியை நிற்கச் சொன்னது யார் என்ற கேள்வியும் வரும்.

"எங்க குடும்பத்துல யாரும் தப்பு பண்ணல. அதுக்கு வெறி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "உங்க கையெழுத்துகூட விறைப்பாத்தான் நிக்குது பெரியப்பா."

மறுநாள் காலை துப்பாக்கிக்காரர் வந்தார். துப்பாக்கியைக் கண்டதுமே சீமாட்டி மூலையில் ஒடுங்கித் தாடையைத் தரையில் பதித்துவிட்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. தலை உயரவில்லை. இறைச்சியைக் காட்டினார்கள், திரும்பியும் பார்க்கவில்லை.

"எங்க மாமியாரும் இப்படித்தான் சார்" என்றார் துப்பாக்கிக்காரர். "தலைய குனிஞ்சு அமைதியா இருந்தா, அன்னைக்கு வீட்ல யாரோ காலின்னு அர்த்தம்." அதிகாரி சிரித்தார். துப்பாக்கிக்காரர் என் பக்கம் திரும்பினார். "தொண்டை தெரிஞ்சா ஒரே குண்டு. இல்லன்னா கண்ணுலதான் சுடணும். அஞ்சாறு ஆகும். உடனே சாகாது, சாயங்காலம் வரைக்கும் துடிக்கும்."

நான் தம்பி மகளைப் பார்த்தேன்.

"என்னால முடியாது" என்றாள். "அது என்னைய நம்புது. வேணும்னா நீங்க உக்காருங்க."

அதிகாரியை அலுவலக அறையில் இருக்கச் சொன்னேன், நெருப்புப் படலாம் என்று. தேநீர்க் குவளையோடு சந்தோஷமாகவே போனார். நான் குத்துக்கால் போட்டு உட்காருவதை அவர் பார்க்கக் கூடாது.

உள்ளே போனேன். எனக்கு எழுபத்து மூன்று வயது. சீமாட்டிக்கு முதுகைக் காட்டிக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் சத்தமிட்டன. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு செதில்கள் ஒவ்வொன்றாகப் படியும் ஓசை கேட்டது. கால்கள் மெல்ல நகர்ந்து வந்தன. என் பிடரியில் சூடான மூச்சு பட்டது, மண்ணெண்ணெய் வாடை. என் சட்டைக் கழுத்தை முகர்ந்தாள். யாரையோ தேடுவது போல மறுபடியும் முகர்ந்தாள்.

நான் கையைத் தூக்கியிருந்தால் துப்பாக்கிக்காரர் நிறுத்தியிருப்பார். அதிகாரியின் அறை முப்பதடி தூரம்தான். கைகள் முழங்காலின் மேலேயே இருந்தன.

ஒரே குண்டு. தலை எனக்குப் பக்கத்தில் விழுந்தது. பல்லைக் கடிக்க அவளுக்கு நேரமில்லை. பற்றாத எண்ணெய் தரையில் ஓடி என் கால்சட்டையை நனைத்தது.

"எப்படிய்யா தலையத் தூக்க வச்சீங்க?" என்றார் துப்பாக்கிக்காரர்.

"எங்க குடும்பத்துக்கு அது கட்டுப்படும்."

"ஆமா, பலகையிலயே போட்டிருக்கே" என்று தலையாட்டிவிட்டுத் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தார்.

எழ முயன்றேன். கால் ஒத்துழைக்கவில்லை. தம்பி மகள் உள்ளே வந்தாள். கை கொடுக்கவில்லை. எண்ணெயை மிதித்துக்கொண்டு என் முன்னால் வந்து, நெஞ்சை நிமிர்த்தி, என் கண்ணுக்கு நேராகப் பார்த்து நின்றாள். சின்ன வயதில் அவள் முதுகில் தட்டி அப்படி நிற்க வைத்தவன் நான்தான்.

என் மோவாய் தானாகக் கீழே இறங்கி நெஞ்சில் பதிந்தது. அது வணக்கம் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.