டச்சுக்காரம்மா கவுன்

ரோகிணி போனில் காட்டிய படத்தைப் பார்த்ததும் பூங்கொடிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னா மேடம் இது, இடுப்பாண்ட ரெண்டு பக்கமும் கூடைய கவுத்து வச்ச மாதிரி கீது?"

"அப்படித்தான் அப்போ போட்டாங்களாம்" என்றாள் ரோகிணி. அவள் கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறவள். குடியிருப்பில் ஒரு நாடகக் குழு வைத்திருந்தார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் சதுரங்கப்பட்டினம் கோட்டையில் இருந்த டச்சுத் தளபதியின் கதையை அந்த ஊரிலேயே மேடை போட்டு நடத்தப் போகிறார்கள். தளபதியின் மனைவி வேஷம் ரோகிணிக்கு. வாடகைக்குக் கிடைத்த கவுன்களெல்லாம் பிறந்தநாள் கேக் மாதிரி இருக்கின்றன என்று சொல்லி, தனக்கு வழக்கமாக ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் பூங்கொடியிடம் வெந்தயக் கலர் பட்டுத் துணியோடு செங்கல்பட்டுக்கே வந்துவிட்டாள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள சந்தில், வீட்டு முன்னறைதான் பூங்கொடியின் கடை. கவுனின் உடம்பை மிஷினில் தைத்து முடித்துவிட்டாள். அலங்கார வேலைதான் மலைப்பாக இருந்தது. கழுத்திலிருந்து பாதம் வரை இருபுறமும் சுருக்கு வைத்த ரிப்பன் ஓட வேண்டும். மார்பில் முத்துகள். முழங்கையில் முடிகிற கைகளுக்கு, மூன்று அடுக்காக வெள்ளை லேஸ் தொங்க வேண்டும். மிஷினில் கொடுத்தால் சுருக்கமெல்லாம் அப்பளமாக நசுங்கிவிடும். கையால்தான் தைத்தாக வேண்டும்.

அவள் லேசைச் சுருக்கி வைத்துக்கொண்டிருந்ததை மூலையில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ஆனந்தன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் இரண்டு கிண்ணங்கள். ஒன்றிலிருந்த மொச்சைக்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து மற்றதில் போட வேண்டும். போன ஆடி மாசம் வரை ஷேர் ஆட்டோ ஓட்டியவன் ஆனந்தன். ஒரு காலையில் டீ கிளாஸ் கையை விட்டு நழுவியது. அதோடு வலது பக்கம் முழுக்கப் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். கால் ஏறக்குறைய திரும்பி வந்துவிட்டது. வலது கை விரல்கள்தான் மக்கர் பண்ணின. நுணுக்கமான வேலையாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"அந்தக் கவுன் கைய நான் தைக்கட்டா?" என்றான்.

பூங்கொடி ஒரு நொடி தயங்கினாள். "தைங்க" என்றாள்.

இந்த 'ங்க'தான் அவனுக்குப் பழகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அவன் 'யோவ்'தான். கோலத்தின் மேல் ஆட்டோவை ஏற்றி நிறுத்தினால் சந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்துவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் குரலே மாறிவிட்டது. 'சாப்டுறீங்களா, படுத்துக்கிறீங்களா' என்று வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். முதலில் அவனுக்கும் சுகமாகத்தான் இருந்தது. போகப்போக அது மீன் முள்ளாகத் தொண்டையில் குத்தத் தொடங்கியது.

இடது கையால் ஊசியை ஓட்டினான். வலது கை லேசைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது பிடிக்கும், பிறகு தானாக விட்டுவிடும். ஒரு தையல் அரிசி மாதிரி விழுந்தால் அடுத்தது புளியங்கொட்டை மாதிரி விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முதல் அடுக்கை முடித்ததும் அவனுக்கு வேர்த்துவிட்டது.

"நல்லா கீதுங்க" என்றாள் பூங்கொடி. சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

மத்தியானம் தூங்கி எழுந்து இரண்டாம் அடுக்கைத் தொடங்க உட்கார்ந்தான். முதல் அடுக்கை விரலால் தடவியபோதே என்னவோ போலிருந்தது. தையல் எல்லாம் ஒரே அளவு, எறும்பு வரிசை போல. அவன் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டிருந்த இடம் வழவழவென்று கிடந்தது. மிஷினுக்கு அடியில் குப்பைக் கூடையில், வெட்டிப் போட்ட வெள்ளை நூல் துண்டுகள்.

அவன் லேசை மடித்து வைத்துவிட்டு மொச்சைக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டான். "கை வலிக்குது" என்றான். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. பிரித்துத் தைத்ததைவிட அந்த நிம்மதிதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் அவனால் பொறுக்க முடியவில்லை.

"பூங்கொடி, நான் தச்சத பிரிச்சியா?"

மிஷின் நின்றது. "கொஞ்சம் சரி பண்ணேங்க."

"கொஞ்சமா?"

"மேடைல போட்டுகினு நடக்கறது. அவுந்து வுழுந்தா அந்தம்மாவுக்கு அசிங்கமில்லையா?"

"அத்த எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"இன்னான்னு சொல்வேன்?" அவள் குரல் உடைந்தது. "வெரல்ல ஊசி ஏறி ரத்தம் வருது, அதுகூட தெரியாம நீ தச்சிகினு கீற. அத்த பாத்துட்டு, கோணலா கீதுன்னு எந்த வாயால சொல்றது?"

"கோலத்து மேல ஆட்டோ ஏத்துனா கத்துவ இல்ல, அந்த வாயால."

"அப்ப நீ நல்லா இருந்த."

"இப்ப இன்னா, செத்தா பூட்டேன்?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனந்தனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து போய் மிஷினைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"நான் வூட்டுக்கு வந்துட்டேன் பூங்கொடி. நீதான் இன்னும் ஆசுபத்திரிலயே உக்காந்துகினு கீற. தப்புன்னா திட்டு. நான் பிரிச்சி திரும்பத் தைக்கிறேன். எனக்குத் தெரியாம பிரிக்காத. அவ்ளோதான்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். ஆனால் மறுநாள் காலையில் காப்பியோடு கவுனின் கையும் லேசும் அவன் பாயின் மேல் வந்து உட்கார்ந்திருந்தன.

இரண்டாம் அடுக்கைத் தைத்து முடித்து நீட்டினான். பூங்கொடி வாங்கித் திருப்பிப் பார்த்தாள். உதட்டை மடித்துக்கொண்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள், விழுங்கினாள். பிறகு அடக்க முடியாமல் போய்விட்டது.

"யோவ்! இது தையலா, கோழி கெளறுன குப்பையா? சுருக்கம் மொத்தமும் ஒரு பக்கமா ஓடிப்போய் ஒக்காந்துகீது! இந்தப் பக்கம் இன்னா, மொட்டையா வுட்டுகீற? பிரி!"

"பிரிச்சா பட்டு கிழிஞ்சிடும்."

"அத்த தைக்கறப்ப யோசிச்சிருக்கணும். பிரிய்யா!"

எதிர்வீட்டுக் காசியம்மாள் வாசலில் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, ஒடம்பு முடியாத மனுசன இந்தக் கத்து கத்துற?"

"நீ போக்கா!" என்றார்கள் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சமயத்தில். காசியம்மாள் முகவாயில் கைவைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆனந்தன் குனிந்துகொண்டு பிரித்தான். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தான். விரல்கள் லேசைப் பிடிக்காவிட்டால் என்ன, கொடியிலிருந்து துணி கிளிப்புகளை எடுத்துவந்து, சுருக்கங்களைப் பங்கிட்டு, வரிசையாகக் கவ்வ வைத்தான். கிளிப்பை அழுத்துவதே கைக்கு நல்ல வேலையாக இருந்தது. திரும்பத் தைத்தான். அதையும் பிரிக்கச் சொன்னாள். அடுத்த தடவை பூங்கொடி விரலால் தடவிப் பார்த்தாள், மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள், மூன்றாம் அடுக்கை அவன் மடியில் போட்டாள்.

அதற்குப் பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தார்கள். நடுவில் வெந்தயக் கலர் பட்டு, வயல் வரப்பைத் தொட்டுக்கொண்டு கிடப்பது போல இருவர் மடியையும் தொட்டுக்கொண்டு கிடந்தது. அவள் முத்துக் கோத்தாள். அவன் முதல் அடுக்கையும் திரும்பத் தைத்து, அடுத்த கையையும் முடித்து, ரிப்பனுக்கு வந்திருந்தான். ஒருநாள் பேச்சுவாக்கில் அவள் அவனுடைய வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, ஊசி குத்திய இடங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். "இங்க தெரியுதா? இங்க?" கட்டை விரலில் லேசாகத் தெரிந்தது. சொன்னான். அவள் அந்தக் கையை விடாமலே அடுத்த முத்தைத் தேடினாள்.

ரோகிணி போட்டுப் பார்க்க வந்தாள். கண்ணாடி முன்னால் கையை உயர்த்தினாள். மூன்று அடுக்கு லேசும் முழங்கையிலிருந்து மெதுவாக இறங்கி ஆடியது. "ஐயோ!" என்று பூரித்துப்போனாள். வெளிச்சத்தில் பார்க்க வாசலுக்குப் போனவள் நிலைப்படியில் மாட்டிக்கொண்டாள். இடுப்பு அகலம் கதவைவிடப் பெரிது. பக்கவாட்டில் திருப்பி வெளியே தள்ளுவதற்குள் மூன்று பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நாடகத்துக்கு முதல் நாள் கவுனைச் சதுரங்கப்பட்டினத்தில் சேர்க்க வேண்டும். மடித்தால் போச்சு. பஸ்ஸில் கொண்டுபோக முடியாது.

"பிரவின்குமார் ஆட்டோவ கூப்புடு" என்றாள் பூங்கொடி. "எனக்கு யூனிபாரம் தையல் தலைக்கு மேல கீது. நீ மடில வச்சிகினு போய் குட்த்துட்டு வா."

பிரவின்குமார் ஸ்டாண்டில் அவனோடு ஆட்டோ ஓட்டியவன். காலை இழுத்து நடப்பதைப் பார்ப்பார்களே என்று இதுநாள்வரை ஆனந்தன் அந்தப் பக்கம் தலைகாட்டியதில்லை. பூங்கொடியைப் பார்த்தான். அவள் மிஷினிலிருந்து நிமிரவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனான்.

"அண்ணாத்த!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்ட பிரவின்குமார், ஆட்டோவோடு வீட்டுக்கு வந்து கவுனைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான். பின் சீட்டு முழுக்கப் பட்டும் லேசுமாகப் பொங்க, நடுவில் ஆனந்தனின் தலை மட்டும் தெரிந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஆட்டோ பறந்தது.

"மெதுவா போடா, லேசு பறக்குது."

"யாரு அண்ணாத்த தச்சது இத்த?"

"பூங்கொடி" என்றான் ஆனந்தன். கொஞ்சம் கழித்து, "கை ரெண்டும் நான்" என்றான்.

பிரவின்குமார் கண்ணாடியில் அவனைப் பார்த்தான், நம்பவில்லை. ஆனந்தன் விளக்கப் போகவில்லை. உப்புக் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. அவன் லேசை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டான்.