ஓம், கொண்டு வரேல்லை

"தேத்தண்ணி இன்னும் குடிக்கேல்லையோ?" என்று நித்தியானந்தன் கேட்டார்.

"ஓம்" என்றாள் சிவமலர்.

அவர் எழுந்து கேத்திலைப் போட்டார். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில், 'ஆமாம், குடிக்கவில்லை' என்னும் இந்த ஓமில் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

"இண்டைக்குத்தானே உம்மட அம்மான் வகுப்புக்கு வாறா?"

"ஃப்ராவ் அம்மான் எண்டு சொல்லுங்கோ. உங்களோட கதைச்சுக் கதைச்சு அங்க போய் நானும் மாமா எண்டு கூப்பிடப் போறன்."

"பேரை நானோ வைச்சன்?"

ஃப்ராவ் அம்மான், அதாவது திருமதி அம்மான், சுவிஸின் இன்டர்லாக்கனில் சிவமலர் படிப்பிக்கும் தனியார் கல்லூரியின் இயக்குநர். ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்று ஒவ்வொரு பருவமும் பதினெட்டு மாணவர்களை அங்கே ஆங்கிலம் படிக்க அனுப்பும். அந்த வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். நைஜல் இங்கிலாந்தில் பிறந்தவர். பேசுவது அவர் வேலை. சிவமலர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள்; இலக்கணம், திருத்தம், யாருக்காவது பல் வலித்தால் கூட்டிக்கொண்டு போவது எல்லாம் அவள் வேலை.

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த பருவத்துக்கு ஒரு ஆசிரியர் போதும், யார் என்று கல்லூரியே முடிவு செய்யலாம். நைஜலுக்கு வேறு மூன்று வகுப்புகள் இருந்தன. சிவமலருக்கு இது ஒன்றுதான். இது போனால் முன்பு பதினொரு வருடம் செய்த வேலைக்கே திரும்ப வேண்டும்: ஹோட்டல் அறைகளில் கட்டில் விரிப்பு மாற்றுவது. அந்த வேலையை அவள் குறைவாக நினைக்கவில்லை. அவளுடைய முழங்கால்தான் நினைத்தது.

ஒன்பது மணிக்கு ஃப்ராவ் அம்மான் குறிப்பேட்டோடு வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். நைஜல் உற்சாகமாகத் தொடங்கினார்.

"கென்டா, கட்டுரையைக் கொண்டு வரவில்லையா?"

"யெஸ்" என்றான் கென்டா.

"நல்லது. மேசையில் வை."

கென்டா அசையவில்லை.

"கொண்டு வரவில்லையா?"

"யெஸ்" என்றான் கென்டா, இன்னும் பணிவாக.

"அப்படியென்றால் வையேன்."

கென்டா தன் வெறுங்கைகளைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான். நைஜல் சிவமலரின் பக்கம் குனிந்து, "நான்கு வருடமாக இதே கதைதான். முகத்துக்கு நேரே பொய் சொல்கிறார்கள்" என்றார்.

"பொய் இல்லை, நைஜல். அவன் கொண்டு வரவில்லை."

"யெஸ் என்கிறானே?"

"அதனால்தான் சொல்கிறேன்."

நைஜல் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சிவமலர் பலகைக்குப் போனாள். நைஜலின் கேள்வியை எழுதி, கீழே யெஸ் என்று எழுதினாள்.

"நீங்கள் யெஸ் என்றால், 'நீங்கள் சொல்வது சரி, நான் கொண்டு வரவில்லை' என்று அர்த்தம். அப்படித்தானே?"

பதினெட்டுத் தலைகளும் ஆடின.

"என் மொழியிலும் அப்படித்தான். இங்கிலீஷ்காரருக்கு நீங்கள் கேள்வியோடு ஒத்துப்போவது வேண்டாம். கட்டுரை இருந்தால் யெஸ், இல்லாவிட்டால் நோ. குழப்பமாக இருந்தால் இரண்டையும் விடுங்கள். முழு வசனமாகச் சொல்லுங்கள். கென்டா?"

"நான் கட்டுரையைக் கொண்டு வரவில்லை" என்றான் கென்டா. "அது கட்டிலில் கிடக்கிறது."

"நான்கு வருடம்" என்றார் நைஜல், யாரிடமும் என்றில்லாமல்.

ஃப்ராவ் அம்மான் குறிப்பேட்டில் நெடுநேரம் எழுதினார். வகுப்பு முடிந்ததும் சிவமலரைத் தன் அறைக்கு அழைத்தார்.

"எனக்கு இன்று ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. அந்த வகுப்பை நீங்கள் தனியாக எடுப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

"யெஸ்" என்றாள் சிவமலர். மனம் நிறைந்திருந்ததால் இன்னொரு தரமும் சொன்னாள். "யெஸ், யெஸ்."

ஃப்ராவ் அம்மான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புரிகிறது. அப்படியானால் இன்றைக்கே கடிதத்தை எழுதிவிடுகிறேன்."

முகம் கொஞ்சம் வாடியதுபோல் இருந்தது. சுவிஸ்காரருக்குச் சந்தோஷம் வந்தாலும் இந்த முகம்தான் என்று எண்ணிக்கொண்டு சிவமலர் பஸ் ஏறினாள்.

வீட்டில் நித்தியானந்தன் சோபாவில் படுத்திருந்தார். ஹோட்டல் சமையலறையில் மத்தியான வேலைக்கும் பின்னேர வேலைக்கும் இடையில் கிடைக்கும் ஓய்வு, சிம்மர்ஸ்டுண்ட.

"என்னவாம் அம்மான்?"

"வகுப்பு எனக்குத்தான்."

"அப்பிடியே சொன்னவவோ?"

"நான் தனிய எடுக்கிறதில ஆட்சேபணை இல்லையோ எண்டு கேட்டா."

"நீர் என்ன சொன்னீர்?"

"ஓம் எண்டன்."

"பிறகென்ன. சரிதானே."

"சரிதான்" என்று சிவமலர் ஒரு சப்பாத்தைக் கழற்றினாள். மற்றதைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"இஞ்சருங்கோ. நான் இங்கிலீஷிலயெல்லோ ஓம் எண்டனான்."

"எந்த மொழியில சொன்னாலும் ஓம் ஓம்தானே?"

"இல்லை. இங்கிலீஷில எனக்கு ஆட்சேபணை இருக்கெண்டு வரும். மூண்டு தரம் இருக்கெண்டு வரும்."

"மூண்டு யெஸ் சொன்னனீரோ?"

"ஓம்."

நித்தியானந்தன் எழுந்து உட்கார்ந்தார். "இதைத்தானே இண்டைக்குப் படிப்பிச்சனீர்?"

"பிள்ளையளுக்கு."

அவர் தொலைபேசியை எடுத்துக் கொடுத்தார். சிவமலர் ஒற்றைச் சப்பாத்தோடு நின்றபடியே அழைத்தாள்.

"ஃப்ராவ் அம்மான், கடிதம் போய்விட்டதா?"

"இல்லை. நைஜலின் பெயரைப் போட்டுத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். கையெழுத்துத்தான் பாக்கி."

"அந்த வகுப்பைத் தனியாக எடுக்க எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த வகுப்பு எனக்கு வேண்டும்."

"ஆனால் நீங்கள் மூன்று தரம் யெஸ் என்றீர்களே?"

"கென்டா சொன்னானே, அந்த யெஸ்."

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு காகிதம் கிழியும் சத்தம் கேட்டது.

"சரி. உங்கள் பெயரைப் போடுகிறேன். இனி மனம் மாற மாட்டீர்களே?"

சிவமலர் வாயைத் திறந்தாள். நித்தியானந்தன் சோபாவிலிருந்து, "ஓம் எண்டு சொல்லும், ஓம் எண்டு சொல்லும்" என்று கையைக் காட்டினார். அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"நான் மனம் மாற மாட்டேன்" என்றாள், ஒவ்வொரு சொல்லாக.