தொடர்ச்சி சம்பந்தி வீட்டுச் சுவரில்

ஓய்வு பெற்றவர்களில் சிலர் காலையில் நடக்கிறார்கள், சிலர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நாட்டைத் திருத்துகிறார்கள். நான் பழைய அறிவியல் பத்திரிகைகளைச் சேர்க்கிறேன். எல்லாம் நான் பிறப்பதற்கு முன் அச்சான மாத இதழ்கள். விரைவில் ஆளுக்கொரு பறக்கும் கார் என்று அட்டையிலேயே அடித்துச் சொன்னவை. என்னிடம் இருந்ததை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்குப் போக ராக்கெட் தேவைப்படாது. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, என் மூச்சுக்காற்றுகூடப் படாமல் காப்பாற்றி வந்தேன். படித்ததுண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். வைர மோதிரம் வாங்கியவர் அதை நக்கியா பார்க்கிறார்?

கண் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அன்று, மனைவி என்னைக் கையைப் பிடித்து அலமாரி முன் நிறுத்தினாள்.

"புதுக் கண்ணால முதல்ல இதப் பாருங்க."

பார்த்தேன். சிவப்புக் காலிகோத் துணி அட்டை, தங்க எழுத்து, வரிசையாகத் தடித்தடிப் புத்தகங்கள். என் சேகரிப்பில் பாதி, பைண்ட் செய்யப்பட்டிருந்தது.

"கிழிஞ்ச அட்டை, விளம்பரக் குப்பை எல்லாத்தையும் பைண்டர் கழிச்சிட்டாருங்க. முதுகு வலியோட நானே தூக்கிட்டுப் போய்க் குடுத்தேன். நல்லாருக்கா?"

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சேகரிப்பவர்கள் உலகத்தில் மதிப்பே அட்டைக்கும் விளம்பரத்துக்கும்தான். அவை போனால் மிச்சம் பழைய பேப்பர். ஆபரேஷன் செய்த டாக்டர்மேல் எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாண ஃபோட்டோவில்கூட அவ்வளவு பூரிப்பு இல்லை.

"பிரமாதம்" என்றேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த நடிப்பு அதுதான்.

மறுநாளே பைண்டரிடம் ஓடினேன். "கழிச்சதக் கேக்குறீங்களா? அத உங்க சம்பந்தி அப்பவே அள்ளிட்டுப் போயிட்டாருங்களே" என்றார் அவர்.

சம்பந்தி என்றால் என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். பழைய படம் எது கிடைத்தாலும் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுகிற மகானுபாவர். இந்தப் பைண்டரை என் மனைவிக்குச் சிபாரிசு செய்ததும் அவர்தானாம்.

மதிப்புப் போய்விட்ட பொருளுக்கு என்ன மரியாதை என்று அன்றுதான் படிக்க ஆரம்பித்தேன். அடடா, தேன். ஆனால் ஒவ்வொரு கட்டுரையும் சூடு பிடிக்கும் இடத்தில், 'தொடர்ச்சி கடைசிப் பக்கங்களில்' என்று கையை விரித்தது. கடைசிப் பக்கங்கள் விளம்பரத்துக்கானவை. கட்டுரைகளின் வால் எல்லாம் அங்கே கூந்தல் தைலத்துக்கும் மூலநோய் மாத்திரைக்கும் நடுவே சுருண்டு கிடக்கும். அதாவது ஆரம்பம் எல்லாம் என் வீட்டில், முடிவு எல்லாம் சம்பந்தி வீட்டுச் சுவரில்.

அதன்பின் ஞாயிறுதோறும் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். ஸ்டூல் போட்டு ஏறி நின்று ஹாலைப் படித்தேன். படுக்கையறையை எட்டிப் பார்த்துப் படித்தேன். "சம்பந்தி மேல உங்களுக்கு இவ்வளவு பாசமா" என்று மனைவி நெகிழ்ந்தே போனாள்.

ஒரே ஒரு வால்தான் முழுதாக அகப்படவில்லை. 'வீட்டிலேயே மின்னல் தயாரிப்பது எப்படி'. குளியலறைக்குப் போகும் வழியில் அது தொங்கியது, வழுக்கைத் தைல விளம்பரத்தை ஒட்டி. கடைசி வரிகளைச் சட்டத்தின் உள்விளிம்பு மறைத்திருந்தது.

ஒரு ஞாயிறு என் மனைவியும் கூட வந்திருந்தாள். பெண்கள் சமையலறையில் இருந்த நேரம் பார்த்து, ஸ்க்ரூ டிரைவரால் அதைக் கழற்றினேன். பின்னால் சம்பந்தி.

"என்ன சம்பந்தி பண்றீங்க?"

"கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு. நேராக்குறேன்."

"அதுக்கு வீட்லேருந்தே ஸ்க்ரூ டிரைவர் கொண்டாந்தீங்களாக்கும்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் குரலைத் தாழ்த்தினார். "தினமும் பல்லு வெளக்கப் போறப்ப இதப் படிக்கிறேன். 'ஆகவே, முதலில் பூனையை வெளியே அனுப்பிவிடவும்'னு போட்டிருக்கு. எதுக்குங்க அனுப்பணும்? மாசக்கணக்கா எனக்குச் சரியாத் தூக்கமே இல்ல."

"ஆரம்பம் என்கிட்ட இருக்கு."

"சொல்லுங்களேன்."

"சட்டத்தப் பிரிங்க, சொல்றேன்."

பாதி பிரிக்கையில் என் மனைவி வந்துவிட்டாள். "என்னங்க, அவங்க வீட்டப் பிரிச்சிட்டிருக்கீங்க?" என்றவள் தாளைப் பார்த்தாள். குனிந்து இன்னொரு முறை பார்த்தாள். "இந்த எழுத்து நம்ம புத்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கே."

சம்பந்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் முதுகு வலிக்க எதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அவர் என்னைப் பார்த்தார். பூனையை நினைத்துக்கொண்டார் போலும்.

"அந்தக் காலத்துல எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே எழுத்துதாம்மா."

அவள் நம்பிவிட்டாள். "பைண்ட் பண்ணப்புறந்தாண்ணே இவரு படிக்கவே ஆரம்பிச்சாரு. புத்தகத்தக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே தூங்குறாரு. பீரோல இருக்கிற மிச்சப் பாதியையும் அடுத்த வாரம் பைண்டர்கிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன்."

சம்பந்தியின் வழுக்கை பல்பு மாதிரி எரிந்தது. என் பீரோ, என் பிளாஸ்டிக் உறைகள், என் பறக்கும் கார்கள் எல்லாம் என் கண்முன் வரிசையாக வந்து கும்பிட்டுவிட்டுப் போயின. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள், அதே பூரிப்போடு.

"குடுத்துடு" என்றேன். "உன்னால தூக்க முடியாது. நானே வந்து தூக்குறேன்."

அவள் உள்ளே போனதும் சம்பந்தியின் சட்டையைப் பிடித்தேன். "அள்ளிக்குங்க. ஆனா பசை போடக் கூடாது, ஓரத்த மறைக்கக் கூடாது, என் கண்ணு மட்டத்துல மாட்டணும்."

"சரிங்க சம்பந்தி, சரி. முதல்ல பூனை."

மின்னல் முதலில் ரோமத்தின்மேல்தான் பாயும் என்று இயந்திரத்தின் கதையை நான் சொல்ல, அவர் விளிம்பை விலக்கினார். கடைசி வரி தெரிந்தது: 'பூனை திரும்பி வந்தால் ஆசிரியருக்கு ஒரு தபால் அட்டை போடவும்.'



"யாராவது போட்டிருப்பாங்களா?" என்றார் சம்பந்தி.

"அடுத்த இதழ் என் பீரோல இருக்கு. வாசகர் கடிதமும் கடைசிப் பக்கத்துலதான் வரும். அடுத்த வாரம் உங்க பங்குக்கு வந்துடும். பாத்துச் சொல்லுங்க."