ஞாயிற்றுக்கிழமை கார்டியன்

என் மாமா சின்னசாமியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. மேடையில் அவர் தமிழுக்காகத் தொண்டை கிழியக் கத்துவார். அதே தொண்டைதான் என்னை விற்கவும் பார்த்தது.

நான் மலாயாவில், ஈப்போவில் பிறந்தவள். என் அப்பாவுக்கு, நாங்கள் நைனா என்போம், அங்கே ரயில்வேயில் வேலை. ஐம்பத்தெட்டில் மேல்படிப்புக்கு என்னைத் திருப்பதிக்கு அனுப்பினார். நம்ம ஊர், நம்ம பேச்சு, அம்மாவின் தம்பி சின்னசாமி பக்கத்திலேயே வடமாலபேட்டையில் இருக்கிறான், பயமே வேண்டாம் என்று சொல்லிக் கப்பல் ஏற்றினார். அவர் ஊரை விட்டுப் போனபோது அது மெட்ராஸ் ராஜதானி. நான் வந்து இறங்கியபோது அது ஆந்திரா. அது நைனாவுக்குத் தெரியாததில்லை, மனசில்தான் ஏறவில்லை.

ஹாஸ்டலில் முதல் நாள் சாப்பாட்டில் கோங்கூரப் பச்சடி, புளிச்சகீரைத் துவையல், வைத்தார்கள். ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாவம், அம்மாவை நினைத்து அழுகிறாள் என்று பெண்கள் சுற்றி நின்று முதுகைத் தடவினார்கள். மிளகாய்க் காரம் என்று சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்குச் 'சிங்கப்பூர்' என்று பெயர். சிங்கப்பூரை நான் கப்பலில் இருந்துகூடப் பார்த்ததில்லை. மலாயாவில் பாம்பு சாப்பிடுவீர்களாமே என்று ஒருத்தி ஆசையாகக் கேட்டாள். அவளை அறையவேண்டும் போல இருந்தது.

வகுப்பில் இங்கிலீஷ், அதில் எனக்குக் கஷ்டமில்லை. மற்றதெல்லாம் தெலுங்கு. சமையற்காரம்மாவிடம் இன்னொரு கரண்டி மோர் கேட்கத் தெரியாமல் பாதி வயிற்றோடு எழுந்திருப்பேன். கடைத்தெருவில் தமிழ் பேசுவார்கள்தான். ஆனால் கடைத்தெரு ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே இருந்தது. கேட்டைத் தாண்ட ஞாயிற்றுக்கிழமை கார்டியன் வரவேண்டும். கார்டியன் வந்து சொன்னால் வார்டன் அனுப்புவார், கார்டியன் நிறுத்தச் சொன்னால் படிப்பையே நிறுத்திவிடுவார். பெண்ணின் பேச்சு அங்கே செல்லாது. என் கார்டியன் மாமா.

ஞாயிறுதோறும் பஸ்ஸில் கூட்டிப்போவார். அவர் வீட்டில் எப்போதும் எல்லைத் தகராறு பேச்சுதான். தமிழ் பேசும் எங்கள் பக்கமெல்லாம் மெட்ராஸோடு சேரவேண்டும் என்று புத்தூரில் கூட்டம், ஊர்வலம், எல்லாவற்றிலும் மாமா முன்னால் நிற்பார். அதில் எனக்குச் சண்டையில்லை. அவர்கள் கேட்டது நியாயம்தான். ஒருநாள் வாய்தவறித் தண்ணீரை 'நீள்ளு' என்றேன். மாமா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இந்த ஊட்ல அந்த பாஷ வோணாம் வேணி. கத்துக்கினா நீயும் அவங்க பக்கம் பூடுவே."

தலையாட்டினேன். பாதி வயிற்றோடு எழுந்திருப்பது அவரில்லையே. ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் என் அறைத்தோழி இந்திராணியிடம் முன்னைவிட மும்முரமாகக் கற்றுக்கொண்டேன். அவள் காளஹஸ்திக்காரி. நான் அவளுடைய இங்கிலீஷைத் திருத்துவேன், அவள் எனக்குத் தெலுங்கு சொல்லித்தருவாள். குறும்புக்காரி, முதலில் திட்டுகளைத்தான் சொல்லித்தந்தாள். தீபாவளிக்குள் சமையற்காரம்மாவோடு சரிக்குச் சரி சண்டை போட்டேன். அந்தம்மாவுக்கு அது பிடித்துப்போய், கேட்காமலே மோர் ஊற்ற ஆரம்பித்தார். மாமா வீட்டில் மட்டும் ஒன்றும் தெரியாதவளாகவே இருந்தேன்.

மாமாவின் மகன் சம்பத் என்னிடம் பேசுவதெல்லாம் மலாயாவைப் பற்றித்தான். அங்கே சம்பளம் எவ்வளவு, புது ஆட்களை விடுகிறார்களா, அங்கே பிறந்த பெண்ணைக் கட்டினால் விடுவார்களா. ஊர் பார்க்கும் ஆசை என்று நினைத்துப் பொறுமையாகப் பதில் சொன்னேன்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை வார்டன் லட்சுமம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். சிரித்தே பார்க்காத மனுஷி. அறையில் மாமா உட்கார்ந்திருந்தார்.

"நைனாவுக்கு ஒடம்பு முடியலன்னு தந்தி வந்துக்குது. பொட்டிய கட்டு, போலாம்" என்றார்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா வார்டன் பக்கம் திரும்பித் தெலுங்கில் பேச ஆரம்பித்தார். அத்தனை இனிப்பான தெலுங்கை நான் ஹாஸ்டலில்கூடக் கேட்டதில்லை.

இவள் அப்பா நன்றாகத்தான் இருக்கிறார் அம்மா என்றார். என் பையன் மலாயா போகவேண்டும், இவள் கழுத்தில் தாலி கட்டினால் வழி திறக்கும், அடுத்த மாதம் திருச்சானூரில் கல்யாணம் என்றார். இப்போது சொன்னால் ரகளை செய்வாள், வீட்டுக்கு வந்தபின் என் மனைவி பார்த்துக்கொள்வாள், நீங்கள் ஹாஸ்டல் பதிவில் இவள் பெயரை மட்டும் அடித்துவிடுங்கள் என்றார். கடைசியில், இந்தப் பெண்ணுக்குத் தெலுங்கு ஒரு எழுத்தும் தெரியாது, அதனால்தான் எதிரிலேயே பேசுகிறேன் என்று சிரித்தார்.

நைனா நன்றாக இருக்கிறார். முதலில் எனக்கு அதுதான் காதில் விழுந்தது. அழுதுவிடுவேன் போல இருந்தது. அதற்குள் வார்டன் பேனாவை எடுத்துவிட்டார். அதைப் பார்த்ததும் வந்த கோபத்துக்கு இன்றுவரை எனக்குப் பெயர் தெரியாது.

நான் தெலுங்கில் பேசினேன். என் அப்பா சௌக்கியம் என்று இவரே இப்போது சொன்னார், நான் வரமாட்டேன், நான் படிக்க வந்தவள், இவர் மகனுக்குக் கப்பல் டிக்கெட் இல்லை என்றேன். எனக்குத் தெரிந்தது சமையற்கட்டுத் தெலுங்கு. அதில் இருந்த திட்டுகளும் கூடவே வந்தன. நான் எதையும் விழுங்கவில்லை.

வார்டன் பேனாவை மூடினார். மாமா முகத்தில் வெட்கத்தைத் தேடினேன். துளியும் இல்லை.

"எப்போ கத்துக்கினே?" என்றார். அதுதான் அவருக்கு வலித்தது.

கார்டியன் என்று இனி உங்கள் பெயர் இருக்காது என்று வார்டன் அவரிடம் சொன்னார். என்னிடமும் அதே குரலில்தான் சொன்னார்: உன் அப்பா வேறு ஒருவரை எழுதி அனுப்பும்வரை நீயும் கேட்டைத் தாண்டக்கூடாது. பொய் சொன்னவர் வெளியே போகலாம், பூட்டு எனக்கு.

மாமா வாசலில் நின்று திரும்பினார். "தாய் பாஷைய வுட்டுட்டு அவங்க பாஷைல என்ன அசிங்கப்படுத்திட்டியே வேணி."

"என்ன விக்கிறத நீங்க தாய் பாஷையில பேசி இருக்கலாமே மாமா" என்றேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வெளியே போனபிறகு நான் மட்டும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கோங்கூரப் பச்சடியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சமையற்காரம்மா காரமா என்று கேட்டார். இல்லை, கோபம் என்று தெலுங்கில் சொன்னேன்.