கிளட்ச் ஏன் கருகுகிறது

மூன்றாவது தடவையாகக் கிளட்ச் மூடியைக் கழற்றியபோதும் அதே கருகல் வாடை மூக்கில் ஏறியது. மெக்கானிக்குக்கு அழுகையே வரும்போலிருந்தது. இந்தப் பிளேட்டுகளைப் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கார் அவனுடைய அக்காள் கணவர் செய்தது. கணக்கு வாத்தியாரான அவர் மூன்று வருஷம் கொட்டகையே கதியென்று கிடந்து, பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து, இரண்டு பேர் உட்காரும் சின்னக் காரை உருட்டிக் காட்டினார். கையால் பிடிக்கும் கிளட்சைக் கால் பெடலுக்கு மாற்றியதும் அவர்தான். தினமும் அக்காளை வேலைக்குக் கொண்டுபோய் விடுவது அதில்தான். இப்போது மேடு வந்தால் எஞ்சின் தொண்டை கிழியக் கத்துகிறது. வண்டி நகர மறுக்கிறது.

முதலில் ஆயிலை மாற்றினான். அப்புறம் கெட்டியான ஸ்பிரிங் போட்டான். கேபிளைத் தளர்த்திப் பார்த்தான். ஒன்றும் எடுபடவில்லை.

“உனக்குப் பிடிபடலைன்னா சொல்லிடு மாப்ள, நானே பிரிச்சுப் பார்க்கறேன்,” என்று வாத்தியார் சிரித்தார்.

புதுப் பிளேட் போட்டு, மெக்கானிக்கே மேட்டில் ஓட்டிப் பார்த்தான். வண்டி வெண்ணெய் மாதிரி ஏறியது. திரும்பி வந்து வாத்தியாரை ஓட்டச் சொன்னான். பாதி மேட்டில் எஞ்சின் கத்த ஆரம்பித்தது. பக்கத்து சீட்டில் இருந்த மெக்கானிக் குனிந்து பார்த்தான். அவருடைய இடது கால் பெடலை அரை அங்குலம் அமுக்கிக்கொண்டிருந்தது.

“மாமா, கிளட்ச்லேர்ந்து காலை எடுங்க.”

“எடுத்து எவ்வளவு நேரமாச்சு! கீழதானடா வெச்சிருக்கேன்?”

மெக்கானிக் கையை நீட்டி அவர் கால் கட்டைவிரலை அழுத்தமாகக் கிள்ளினான். அவர் பாட்டுக்கு ஸ்பிரிங் பற்றிப் பேசிக்கொண்டே போனார்.

வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, அவர் செருப்பைக் கழற்றினான். உள்ளங்காலில் காசளவுக்குப் புண். “இது எப்போ வந்துச்சு?” என்று அவரே அவனிடம் கேட்டார்.

அன்று மாலையே டாக்டரிடம் போனார்கள். சர்க்கரை வியாதி. வருஷக்கணக்காக உள்ளேயே இருந்து நரம்பைத் தின்றிருக்கிறது. போன உணர்ச்சி திரும்பாது என்றார் டாக்டர்.

மெக்கானிக் விடவில்லை. “கிளட்சைக் கைக்கு மாத்திக் குடுத்துடறேன் சார். ஒரு நாள் வேலை.”

“பிரேக் எந்தக் கால்?” என்று கேட்டார் டாக்டர்.

வலது காலைத் தூக்கி வைத்து, வாத்தியாரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஊசியால் குத்தினார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை.

“ஆரம்பிச்சாச்சா?” என்றார் வாத்தியார்.

மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எந்த ஸ்பானருக்கும் பிடிபடாத இடமாக இருந்தது அது.

அவனே வண்டியை ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தான். கொட்டகைக்குள் வந்ததும் வாத்தியார் சொன்னார்.

“கிளட்ச் கேபிளைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிடு மாப்ள. வண்டி ஓடற மாதிரி இருந்தா காலையில கை தானா சாவியைத் தேடும்.”

அவன் வண்டிக்கு அடியில் படுத்து நட்டைத் திருகிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள்.

“என்னடா, கிளட்ச் சரியாயிடுச்சா?”

வாத்தியார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கிளட்ச் நல்லாத்தான் இருக்குக்கா,” என்றான் அவன், வெளியே வராமலே.