முப்பத்தாறாவது படம்

பழிவாங்க நான் எடுத்த ஆயுதம் ஒரு பட்டியல். அரிவாள் பிடிக்கத் தெரிந்தவன் அரிவாளை எடுப்பான். நான் முப்பத்து மூன்று வருஷம் தமிழ் வாத்தியார், எனக்குச் சாக்பீஸைத் தவிர வேறெதுவும் கையில் நிற்காது.

ஆவூரில் என் வீட்டுப் பரண்மேல் நான்கு தகரப் பெட்டிகள் இருந்தன. உள்ளே நாற்பத்தோரு கேசட்டுகள், அவற்றைக் கேட்டு எழுதிய நோட்டுகள், கடிதங்கள், ரசீதுகள். எல்லாம் ஒரே மனிதரைப் பற்றியவை: ஒளிமதி கலர் லேப் முதலாளி இருளாண்டி. திருமயம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவில் ஆரம்பித்து, ஆறு மாவட்டத்துக் கல்யாணங்களுக்கும் பிரிண்ட் போட்டு, ஆல்பம் தொழிற்சாலை வரை கட்டியவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை நான்தான் எழுதுவதாக இருந்தது. மூன்று வருஷம் குறிப்பெடுத்தேன். ஒரு அத்தியாயம்கூட எழுதவில்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

போன வருஷம் இருளாண்டி இறந்துபோனார். பேப்பரில் செய்தி வந்தது, அவர் படம் வரவில்லை. லேப் கட்டடத்தின் படம்தான் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருந்தது. இன்னும் சொல்லவில்லை.

அன்றைக்கே கல்லூரி நூலகர் வாஜித்துக்குப் போன் போட்டேன். பழைய காகிதங்களைச் சேகரித்து ஆவணக்காப்பகம் வைத்திருக்கிறவர், அந்தப் பெட்டிகளை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கங்க வாஜித்."

"சந்தோஷம் சார். அப்படியே பட்டியல் ஒண்ணு போட்டுருங்க. என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தானே பிள்ளைங்க தேடும்?"

போட்டேன். 'பெட்டி 1: இளமைப் பருவம். அவரே சொன்னது, ஆகவே பாதி கழித்துக்கொள்ளவும். பெட்டி 2: தொழில் வளர்ச்சி. பெட்டி 3, உறை 7: ஊரையே போட்டோ எடுத்தவர், போட்டோவுக்குப் பயந்த கதை. சாட்சிகள் நால்வர்.' உறை ஏழுக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. விடைத்தாள் திருத்திய கை, சும்மா இருக்காது.

அந்தக் கதை இதுதான். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பார்கள். இருளாண்டி தன் முதல் கேமராவில் முதல் படமாக அப்பாவையும் இரண்டு சித்தப்பாக்களையும் நிறுத்தி எடுத்தார். நடுவில் அப்பா. ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார். அதன்பிறகு இருளாண்டி எந்தக் கேமராவுக்கும் முகம் கொடுக்கவில்லை. மகள் கல்யாண ஆல்பத்தில்கூடத் தாரை வார்க்கிற கை மட்டும்தான் இருக்கிறது. ஆதார் கார்டுக்குத்தான் அவரால் தப்ப முடியவில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால், அந்தப் பயம் தெரிந்தும் நான் ஒரு வேலை பார்த்தேன். வாழ்க்கை வரலாறு என்றால் அட்டையில் முகம் வேண்டாமா? திருக்கோகர்ணத்தில் அவர் பங்களாவில் கடைசி கேசட் பதிந்த அன்று, என்னையும் என் மனைவி செல்வராணியையும் சாப்பிடச் சொன்னார். செல்வராணிதான் அத்தனை கேசட்டையும் காதில் வைத்துக் கேட்டு எழுதியவள். சாப்பிட்டு முடித்ததும், இரவல் வாங்கிய யாஷிகா கேமராவை எடுத்து, "அந்தச் செம்பருத்திகிட்ட நில்லு" என்றேன். அவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் குழாயடியில் இருளாண்டி கை கழுவிக்கொண்டிருந்தார். அமுக்கினேன். ரோலில் அது முப்பத்தாறாவது படம். மற்ற முப்பத்தைந்தும் செல்வராணிதான். வேளாங்கண்ணியில் ஒரு வாரம், கடலைப் பார்த்தபடி, பார்க்காதபடி.

இனி வருவதைப் படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம், நானே போதுமான அளவு திட்டியாகிவிட்டது. அந்த ரோலைக் கொண்டுபோய்க் கழுவக் கொடுத்தேன். எங்கே? ஒளிமதி கலர் லேப்பில். கோழி திருடியவன் கோழிக்காரன் வீட்டிலேயே மசாலா அரைக்கக் கொடுத்த கதை. ஊரில் எல்லாரும் அங்கேதானே கொடுப்போம்! கை பழகிய கடைக்குக் கால் தானாகப் போய்விட்டது.

மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் இருவரையும் நிற்க வைத்து, வேலைக்காரர்கள் எட்டுப் பேர் முன்னால் கேட்டார்:

"வாத்தியாரே, என் உசுரைத் திருடி எங்கிட்டயே பிரிண்டு போடக் குடுக்குறீரா?"

"அட்டைக்குத்தாங்க…"

"அட்டையுமில்ல, புத்தகமுமில்ல. ரோலை எரிச்சாச்சு. இனிமே இங்கிட்டுத் தலைவச்சுப் படுக்காதேயும்."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். அது பரவாயில்லை, பள்ளிக்கூடத்தில் நாற்பது பேர் சிரிப்பார்கள். ஆனால் பஸ்ஸில் கீரனூர் தாண்டியதும் செல்வராணி மெதுவாகக் கேட்டாள்: "படத்துல நான் நல்லா விழுந்திருந்தேனாங்க?"

பதில் சொல்ல என்னிடம் படம் இல்லை. ஆறு வருஷத்தில் அவளும் இல்லை. கஜா புயலில் ஓடு பறந்து கல்யாண ஆல்பம் ஊறிப்போனது. பரண்மேல் தகரப்பெட்டிகள் மட்டும் சொட்டு நனையவில்லை. காப்பாற்ற வேண்டியதை நனையவிட்டு, கொளுத்த வேண்டியதைக் காப்பாற்றியிருக்கிறேன். அதன்பிறகு என் வீட்டுச் சுவரில் மாலை போட்டிருந்தது வாக்காளர் அட்டைப் படம். அது என் மனைவி என்று தேர்தல் கமிஷன் சொன்னால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

எனவே எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த மனிதரும் இப்படித்தான் சுவரில் தொங்க வேண்டும். அவர் ஏன் முகமில்லாமல் போனார் என்பதை ஊர் படித்துச் சிரிக்க வேண்டும்.

ஆனால் வாஜித் நேர்மையானவர். வாரிசிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று பட்டியலை அவர்களுக்கு அனுப்பிவிட்டார். என் வாழ்க்கையில் பாதித் தொல்லை நேர்மையானவர்களால் வந்ததுதான். முதலாளியின் படத்திறப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது இருளாண்டியின் மகள் பிரகதீஸ்வரி கார் போட்டு ஆவூருக்கே வந்துவிட்டார். இப்போது லேப்பை நடத்துவது அவர்தான்.

"வாங்கம்மா. உக்காருங்க. பட்டியல் படிச்சீங்களா?"

"படிச்சேன் சார். சிவப்பு மையெல்லாம் போட்டிருக்கீங்க." கைப்பையிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "அப்பா பீரோவுல இருந்துச்சு. ஒங்க பேரு போட்டிருக்கு."

அவிழ்த்தேன். லேப் கவர். 'ஆரோக்கியதாஸ், ஆவூர், 36 காப்பி, மேட்.' உள்ளே நெகட்டிவ் துண்டுகள், ஆறாறாக வெட்டியவை.

"எரிச்சுட்டேன்னு சொன்னாரே!"

"எப்படி சார் எரிப்பாரு? அவரு மூஞ்சி அதுல இருக்குல்ல. உசுரோட இருக்கிற ஆளு படத்தைக் கொளுத்தினா ஆகாதுன்னு பயம். ஒங்ககிட்டக் குடுக்கவும் பயம். அதான் முடிஞ்சு வச்சுட்டாரு."

துண்டுகளை எண்ணினேன், ஆறு. அவரே தொடர்ந்தார்: "பெட்டிகளைக் குடுத்துட்டு இதை எடுத்துக்கங்க சார். உறை ஏழை ஊரு படிச்சா எங்க தொழிலே சிரிப்பா சிரிச்சுப்போகும். அந்தக் கடைசிப் படத்தை மட்டும் எங்களுக்கு விட்டுருங்க. அப்பாவுக்கு வேற படமே இல்ல."

"காப்பி எடுத்திருப்பீங்களே?"

"எடுக்கல. ஒங்க ரோலு. கேக்காம எடுத்தா அவரு செஞ்சதுதானே நானும் செஞ்சதாகும்?"

இந்த இடத்தில் நல்ல மனிதன் உருகியிருப்பான். நான் நெகட்டிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். பழுப்பு ஃபிலிமில் முகங்கள் தலைகீழ் நிறத்தில் இருந்தன. முன்னால் செல்வராணி என்று மட்டும் தெரிந்தது.

"முப்பத்தாறும் வேணும்மா. இல்லைன்னா பெட்டி காலேஜுக்குப் போகும்."

"அப்ப அப்பாவுக்கு?"

"ஆதார் இருக்கே. அரசாங்கமே ஒத்துக்கிட்ட மூஞ்சி."

அவர் டிரைவரைக் கூப்பிட்டார். பெட்டிகள் காரில் ஏறின. செல்வராணியின் கையெழுத்தும் அதோடு போகிறது என்பது கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது. கணக்குப் பார்க்கத் தெரிந்தவனாக இருந்தால் கணக்கு வாத்தியாராகியிருப்பேனே.

மறுநாள் திருச்சிக்குப் போய் ஸ்கேன் செய்து பிரிண்ட் போட்டேன். முப்பத்தாறாவது படத்தைப் பார்த்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். செல்வராணி சிரித்துக்கொண்டிருந்தாள். காதில் கவரிங் தொங்கட்டான், தலையில் கனகாம்பரம். அவளுக்குப் பின்னால், ஈரக் கையோடு நிமிர்ந்து இருளாண்டியும் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் என்னைத்தான் ஏதோ கேலி செய்திருப்பாள், அதற்கு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். கொஞ்சம் மங்கல்தான். ஆனால் பயமில்லாத முகம். கேமரா இருப்பது தெரியாதே!

அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கி ஒரு காப்பி போடச் சொன்னேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

படத்திறப்புக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். திரையை இழுத்தார்கள். ஆறடி உயரத்தில் ஆதார் படம். கண் ஒன்று பாதி மூடி, வாய் பாதி திறந்து, மூக்கில் சதுரம் சதுரமாகப் புள்ளிகள்.

"யாருப்பா இது, போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டுற மாதிரி?" என்றது பின்வரிசை.

"போட்டோ கம்பெனிக்காரருய்யா. செருப்புத் தைக்கிறவன் காலுக்குச் செருப்பேது?"

சிரிப்பு பரவியது. இருபது வருஷம் நான் காத்திருந்த சிரிப்பு. தேனாக இறங்கியது. ஒரு நிமிஷம் முழுதாக அனுபவித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் பிரகதீஸ்வரி மேடைக்குப் போய், அந்தத் திறந்த வாயை மறைக்க மாலையை மேலே இழுத்து இழுத்துவிட்டார். மாலை நழுவி நழுவி இறங்கியது. நான்காவது தடவை என்னால் பார்க்க முடியவில்லை. வாக்காளர் அட்டைப் படத்துக்கு நானும் அப்படித்தான் மாலையை இழுத்துவிடுவேன்.

கூட்டம் கலைந்ததும் கவரை நீட்டினேன். பிரித்தவர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு, "அப்பா சிரிப்பாரா சார்?" என்றார்.

"நல்லா விழுந்திருக்காரும்மா."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், படத்தின் ஓரத்தைத் தொட்டார். "இது என்ன சார், ஜிமிக்கி மாதிரி?"

"தொங்கட்டான். என் வீட்டுக்காரம்மாது. கொஞ்சம் கனகாம்பரமும் தெரியும்."

"கம்ப்யூட்டர்ல அழிச்சிரலாம்ல?"

"அழிக்கலாம். உறை ஏழுக்கு ஜெராக்ஸ் எங்கிட்ட இருக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்பா கண்ணேதான். "பெரிய ஆளு சார் நீங்க" என்றார்.

ஜெராக்ஸெல்லாம் எடுக்கவில்லை. அந்தச் சமயத்தில் தோன்றினால்தானே! அது அவருக்குத் தெரிய வேண்டாம்.

திருக்கோகர்ணம் பங்களாவில் இப்போது அந்தப் படம்தான் தொங்குகிறது. பத்து நாளுக்கு ஒருமுறை காபி குடிக்கப் போகிறேன். காபிக்காகப் போகவில்லை, ஓரத்தைச் சரிபார்க்கப் போகிறேன். ஒவ்வொரு வெள்ளியும் பிரகதீஸ்வரி விளக்கேற்றிக் கும்பிடும்போது, பெரிய முதலாளி கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிகிறார். தொங்கட்டான்தான் பளிச்சென்று மின்னுகிறது.

அன்றைக்குப் பஸ்ஸில் செல்வராணி கேட்டதற்கான பதிலை வீட்டுக்கு வந்து, சுவரில் புதிதாக மாட்டிய படத்திடம் சொல்லிவிட்டேன். நல்லாத்தான் விழுந்திருக்க.