மூன்று மணி இருபது நிமிடம்

பூம்பாறையில் காரட் மூட்டைகள் ஏறி முடிந்து அரை மணி நேரம் ஆகியும் வண்டி கிளம்பவில்லை. வானத்தில் நான்கு செயற்கைக்கோள்கள் வழிகாட்டும் போனுக்குச் சிக்கினால்தான் காரட் மலையிறங்கலாம் என்று உத்தரவு. மூன்று சிக்கிவிட்டன. நான்காவது, யூக்கலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் எங்கோ பதுங்கியிருந்தது. மூட்டை தூக்கியவர்கள் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். டிரைவர் சுப்பையா பானட்டில் சாய்ந்துகொண்டு, நடு ரோட்டில் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நின்ற மனோஜ்குமாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனோஜ்குமார் முதலாளி சேனாதிபதியின் மருமகன், இஞ்சினீயர். சேனாதிபதிக்கு நான்கு லோடு வண்டிகள். மேல்மலைக் காய்கறியை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறக்குவது தொழில். செண்பகனூர் ரோட்டோரத்தில் இருந்த அவருடைய கடையின் போர்டில் அதுவரை 'சேனாதிபதி காய்கறி வண்டி' என்று இருந்தது. இரண்டாயிரத்துப் பத்தாம் வருடம் தை மாதத்தில் அது 'சேனாதிபதி லாஜிஸ்டிக்ஸ்' ஆனது. நான்கு வண்டியில் ஒன்று ஷெட்டில் கல்மேல் நின்றது. லெட்டர் பேடில் அதுவும் ஓடிக்கொண்டிருந்தது.

லாஜிஸ்டிக்ஸ் என்றால் வழிகாட்டும் சாப்ட்வேர் வேண்டும் என்று மருமகன் சொன்னார். மதுரைக்குப் போய், குச்சியால் தொட்டு வேலை வாங்கும் பெரிய போன் ஒன்றை வாங்கிவந்தார். சேனாதிபதி அதற்குத் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி, திரையின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அந்த இடத்தில் மட்டும் இரண்டு நாள் தொட்டால் வேலை செய்யவில்லை.

மூன்று சாப்ட்வேர்கள் வந்திருந்தன. மூன்றில் எது நல்லது என்று ஓட்டிப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு சுப்பையாவுக்கு. இருபத்திரண்டு வருடம் பழனி மலைப்பாதையில் ஓட்டிய ஆள். முதலாளி அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்தக் கடையில் சுப்பையா நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

முதல் சாப்ட்வேருக்கு நெட் வேண்டும். பெருமாள்மலையில் பழனி ரோட்டுக்குத் திரும்பியதும் சிக்னல் செத்தது. சுப்பையா ஒட்டன்சத்திரத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோதும் போனில் வண்டி பெருமாள்மலையிலேயே நின்றது. அதைக் கழித்தார்கள்.

இரண்டாவது பேசாது. கோடும் எழுத்தும்தான். ஆனால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் வளைத்துப் போட்டிருந்தது. கிளம்பும்போதே ஒட்டன்சத்திரத்துக்கு நான்கு மணி ஐம்பது நிமிடம் ஆகும் என்றது. சுப்பையாவுக்குச் சுருக்கென்றது.

"என்னய மாட்டு வண்டிக்காரன்னு நெனச்சிருச்சு போல, தம்பி," என்றார்.

மூன்றாவது, ஒரு பெண் குரலில் இங்கிலீஷ் பேசியது. வண்டி பெருமாள்மலை தாண்டுவதற்குள் இரண்டு தடவை சுப்பையாவை இடது பக்கம் திரும்பச் சொன்னது. இடது பக்கம் மலைச்சரிவும் அதற்குக் கீழே ஆகாயமும் இருந்தன. ஆனால் நேரத்தைச் சொன்னபோது சுப்பையா நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று மணி இருபது நிமிடம்.

அது அவருடைய நேரம். டீக்கடைகளில் எத்தனையோ வருடமாக அவர் சொல்லிவந்த நேரம். மலை டிரைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சக்கரம் உருண்ட நேரத்தைத்தான் நேரம் என்பார்கள். பிரேக் டிரம் சூடேறிக் கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுவது, மேலேறும் பஸ்ஸுக்கு வழிவிட்டு வளைவில் நிற்பது, சவரிக்காட்டுப் பக்கம் பனி மூடினால் கண்ணாடி தெளிகிறவரை காத்திருப்பது, இதையெல்லாம் எந்த டிரைவரும் வெளியில் சொல்லமாட்டான். சொன்னால் அவனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று அர்த்தம். வீட்டில் கேட்டாலும் மார்க்கெட்டில் கேட்டாலும் சுப்பையா சொல்லும் பதில் ஒன்றுதான்: மூணு இருவது.

"இதுதாங்க சரியான ஆளு," என்றார் முதலாளியிடம். "நம்ம டயத்தக் கரெக்டாச் சொல்லுது."

மருமகன் அதைத் தாளில் டைப் அடித்துக் கொண்டுவந்தார். இருபத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள மூத்த ஓட்டுநர் நேரில் சோதித்து இந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தார் என்றும், அது காட்டும் நேரம் சரியானது என்றும் இருந்தது. சுப்பையா முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். சேனாதிபதி அவர் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மறுவாரம் ஓடுகிற மூன்று வண்டிக்கும் தலா ஒரு போன் வந்தது. கூடவே ஒரு விதியும் வந்தது. மூன்று இருபதுக்குமேல் எடுத்தால் அன்றைய பேட்டா கிடையாது. ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை தாமதமானால் வேலை கிடையாது. வண்டி எங்கே நின்றது, எத்தனை நிமிடம் நின்றது என்று போனே எழுதி வைத்துக்கொள்ளும். சாயங்காலம் மருமகன் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்ப்பார்.

முதல் நாளே சுப்பையா இறங்க நான்கு மணி நாற்பது நிமிடம் எடுத்தார். இரண்டாம் நாள் பஸ் எதுவும் எதிரில் வராமல், பனியும் இல்லாமல், நான்கு மணி ஐந்து நிமிடம். மூன்றாம் நாள் அவரே கடைக்குப் போய் நின்றார். நாற்காலி காலியாக இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"மொதலாளி, அது ஓடுற நேரங்க. நிக்கிற நேரத்த அது சேக்கல."

"நிக்கிறதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்குறேன்?"

நின்று நின்று இறங்காவிட்டால் பிரேக் பிடிக்காது என்று சுப்பையா விளக்கினார். டிரம்முக்குள் லைனிங் பழுத்துப்போனால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் பஞ்சை மிதிக்கிற மாதிரி இருக்கும் என்றார். சேனாதிபதி பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் சுவரைக் காட்டினார்.

"அதுல போட்டது யாரு கையெழுத்து? நானா போட்டேன்? உலகத்துல ராக்கெட் விடுறவன் சொல்றான், நீயும் சரின்னு சொன்ன. இப்ப வந்து டிரம்மு, பஞ்சுங்குற."

மூன்றாவது வண்டியை ஓட்டியவன் ஜெயமுருகன். பண்ணைக்காட்டுக்காரன், முப்பது வயது. மனைவி ரோகிணிக்கு அது ஆறாம் மாதம். பெரும்பாலும் நிற்காமல் ஓட்டியும் அந்த மாதத்தில் அவனுக்கு இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. சுப்பையா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, யார் என்ன சொன்னாலும் பாதி மலையில் கால் மணி நேரம் நிறுத்து, சூட்டு டிரம்மில் மட்டும் தண்ணி ஊற்றிவிடாதே, வெடித்துவிடும் என்று சொன்னார்.

"நீங்க நிறுத்திருவீங்கண்ணே. நீங்க செலக்சன் கமிட்டி," என்றான் ஜெயமுருகன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அது உண்மைதான்: கையெழுத்துப் போட்டவரையே அனுப்பிவிட்டால் சட்டத்தில் தொங்கும் தாளுக்கு மதிப்பிருக்காது என்று, எத்தனை தடவை தாமதமானாலும் சுப்பையாவுக்குப் பேட்டாவை மட்டும்தான் வெட்டினார்கள்.

மாதக் கடைசி வாரம், முட்டைக்கோஸ் லோடு. பூம்பாறையிலேயே மூட்டை வரத் தாமதம்; போன் அதற்குள் நேரத்தை எண்ணத் தொடங்கியிருந்தது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றி டூரிஸ்ட் கார்கள் அடைத்துக்கொண்டு இன்னும் நாற்பது நிமிடம் போனது. அதற்கப்புறம் ஜெயமுருகன் எங்கும் நிறுத்தவில்லை. பழனி மலைப்பாதையின் கீழ்ப்பாதியில், ஒரு வளைவுக்கு முன்னால் பெடல் தரையோடு ஒட்டியது. வலப்பக்கம் பள்ளம். இடது பக்கம் மலையைக் குடைந்த பாறைச் சுவர். எல்லா மலை டிரைவரும் செய்வதை அவனும் செய்தான்: ஸ்டியரிங்கைப் பாறையை நோக்கி ஒடித்தான். வண்டியின் மூக்கு அவன் காலோடு சேர்ந்து உள்ளே மடங்கியது. முட்டைக்கோஸ் ரோடெல்லாம் உருண்டு, மேலே வந்த பஸ்ஸை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தது.

மறுநாள் மதியம் அடிவாரத்தில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் எல்லோரும் இருந்தார்கள். ஜெயமுருகனின் வலது காலை முழங்காலுக்குமேல் எடுத்திருந்தார்கள். சித்திரை வெயில். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் அவன் வேர்த்து நனைந்துகொண்டிருந்தான். ரோகிணி வீட்டிலிருந்து ஒரு மேஜை விசிறியைத் தூக்கிவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கில் சொருகி, காற்று அவன் முகத்தில் படும்படி வைத்திருந்தாள்.

சேனாதிபதி வந்ததும் முதலில் போனைக் கேட்டார். நர்ஸ் கத்தரித்துப்போட்ட பேன்ட் ஒரு துணிப்பையில் இருந்தது. மருமகன் மூக்கைப் பொத்திக்கொண்டு அதற்குள் கைவிட்டு எடுத்தார். போனுக்குக் கீறல்கூட இல்லை. சார்ஜ் மட்டும் தீர்ந்திருந்தது.

சேனாதிபதி சுப்பையாவை வார்டு வாசலுக்குக் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். போலீஸ் கேஸ் ஆகிவிட்டது. பையன் கீழ்ப்பாதியை எந்த வேகத்தில் இறங்கினான் என்று போனில் பதிவாகியிருக்கும். அதைக் காட்டினால் கம்பெனி மேல் தப்பு வராது, ஆஸ்பத்திரிச் செலவும் வராது. சுப்பையா செய்யவேண்டியது ஒன்றுதான். சாதாரண வேகத்திலேயே மூன்று இருபதில் இறங்கலாம், இவன் தானாக ஆட்டம் போட்டான் என்று இன்னொரு தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும்.

"மெதுவா வந்தா லேட்டுன்னு வெட்டுறீங்க. வெரசா வந்தா வேகம்னு மாட்டுறீங்க. அவன் எப்படித்தாங்க எறங்குறது?"

"அது ஒனக்கெதுக்கு? நீ ஒன் நேரத்தச் சொல்லு."

சுப்பையா திரும்பி வார்டுக்குள் வந்தார். குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"இருவத்திரண்டு வருசத்துல ஒரு நாளுகூட நான் மூணு இருவதுல எறங்கினதில்ல. சும்மா பெருமைக்குச் சொன்னேன். அந்தக் கையெழுத்தும் பெருமைக்குப் போட்டதுதான். எங்க வந்து கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்."

ரோகிணி அவரையே பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் சுப்பையாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அப்ப நீதாம்ப்பா இவன் காலுக்குப் பொறுப்பு," என்றார் சேனாதிபதி, வார்டுக்கே பொதுவாக. பிறகு, வண்டிச் சாவியைச் செண்பகனூரில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். சுப்பையா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அங்கேயே அவர் கையில் வைத்தார்.

மனோஜ்குமார் இதெல்லாம் காதில் விழாதவர்போலச் சுவரோரமாகக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பிளக்தான் இருந்தது. விசிறியின் வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, சார்ஜரைச் சொருகினார்.

இறக்கைகள் மெல்ல மெல்லத் தனித்தனியாகத் தெரிந்து, நின்றன. போன் திரையில் வெளிச்சம் வந்தது. மாமனாரும் மருமகனும் அதன்மேல் குனிந்தார்கள். ரோகிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தலையணைக்கடியில் இருந்த எக்ஸ்ரே உறையை உருவி, ஜெயமுருகனுக்கு விசிறத் தொடங்கினாள்.